இடது முன் சக்கரத்தின் ஓசை

வேகத்துக்கென்றே செய்யப்பட்ட ஒரு காரின் சிறப்பு அதன் எஞ்சினில்தான் இருக்கிறது என்று எண்ணுவோரே பெரும்பாலோர். ஆயினும் அத்தகைய வண்டியைச் சில காலம் தம் கையால் ஓட்டிப் பழகியவர்கள், அதன் பெருமையில் பாதிக்கு மேல் சஸ்பென்ஷனுக்கே உரியது என்ற அபிப்பிராயத்துக்கு வந்து சேராமல் இருப்பதில்லை. எஞ்சின் எவ்வளவு சக்தியைப் பிறப்பித்தாலும், அது சாலையைச் சென்றடைவது, நான்கு டயர்களும் தரையைத் தொடுகின்ற, ஏறத்தாழ உள்ளங்கை அளவே உள்ள நான்கு இடங்களின் வழியாகத்தான். மேட்டிலும் பள்ளத்திலும் வளைவிலும் அந்த நான்கு இடங்களையும் தரையை விட்டு எழும்பவிடாமல் காத்து நிற்பவை சுருள்வில்லும் அதனுடன் இணைந்த ஷாக் அப்சார்பரும். என் காரில் பழுதானது அவற்றுள் ஒன்றுதான். அப்பழுதை வாரண்டியின் கீழ்ச் சரிசெய்து பெறுவதற்குள் நான் அறிந்துகொண்ட விஷயங்கள், இன்று இத்தகைய கார்களை வாங்குகிறவர்களுக்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தினாலேயே இதை எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் வளர்ந்த ஒருவனுக்கு மோட்டார் யந்திரங்களில் ஈடுபாடு உண்டாவதற்குத் தனிக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. 1920இல் ஜி. டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸுடன் தம் தொழிலைத் தொடங்கிய நாள் முதலாக, இவ்வூரில் மோட்டார் என்பது வெறும் வியாபாரமாக நில்லாமல் ஒரு வித்தையாகவும் பேணப்பட்டு வந்திருக்கிறது. சென்னைக்கு அருகே, யுத்த காலத்து விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் பந்தயங்கள் நடைபெற்ற காலத்தில், இங்கிருந்து கார்களும் அவற்றைப் பழுது பார்க்கும் கைதேர்ந்த மெக்கானிக்குகளும் புறப்பட்டுச் சென்றதைப் பெரியவர்கள் வாயிலாக நான் பாலியத்தில் மிகுந்த ஆவலோடு கேட்டிருக்கிறேன். ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை இந்த நாட்டிலேயே வடிவமைத்து, இளைஞர்கள் பலருக்கு வழி திறந்துவிட்ட கரிவரதன் 1995இல் விபத்தொன்றில் மறைந்தபோது இவ்வூர் அடைந்த துக்கம் எனக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராகக் களம் இறங்கிய நரேன் கார்த்திகேயனும் இவ்வூரில் வளர்ந்தவரே.

இத்தகைய சூழலில் வளர்ந்த நான், பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும் முடிந்த பிறகு, நெடுநாள் சேமிப்பைக் கொண்டு ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் வேகக் காரை வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் இங்கே அவசியமன்று. நான்கு கதவுகளும் சாதாரணத் தோற்றமும் உடைய அந்த வண்டி, ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் காட்டிய நிதானத்தை நான் எந்த வார்த்தைகளால் வர்ணிப்பேன்! ஸ்டீயரிங்கைத் திருப்பிய அக்கணமே, உடல் சாயாமலும் டயர் கீச்சிடாமலும், நான் நினைத்த கோட்டில் அது சென்று நின்ற அழகைக் கண்டு, காரை ரசிக்கத் தெரியாத என் மனைவியே ஒருமுறை, "இந்த வண்டியில வந்தா எனக்குத் தலை சுத்தறதில்லைங்க" என்று வியந்து சொன்னாள். அந்தச் சொல்லைவிடப் பெரிய நற்சான்று ஒரு சஸ்பென்ஷனுக்கு இருக்க முடியும் என்று நான் கருதவில்லை.

மூன்றாண்டு வாரண்டியின் கடைசி ஆண்டு நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த ஓசை முதன்முதலில் என் காதில் விழுந்தது. ஆர். எஸ். புரத்தில், குழாய் பதிப்பதற்காகத் தோண்டி அரைகுறையாக மூடப்பட்ட ஒரு தெருவில், வண்டி மெல்ல ஊர்ந்து செல்லும் வேளையில், கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் தளர்ந்து காற்றில் தட்டுவதைப் போன்று, இடது முன் சக்கரத்தின் பக்கத்திலிருந்து டொக், டொக் என்று கேட்டது. அவிநாசி சாலையில் வேகமாகச் செல்லும்போது அது அறவே கேட்பதில்லை. பெரிய பள்ளத்தில் விழுந்தாலும் கேட்பதில்லை. சிறுசிறு மேடுபள்ளங்களில், மெதுவாகப் போகும்போது மட்டுமே அது தன்னை வெளிக்காட்டிக்கொண்டது. காலை வேளைகளில் மிகுதியாகவும், வண்டி நெடுந்தூரம் ஓடிய பின் குறைவாகவும் இருந்தது என்பதையும் கவனித்து வைத்தேன்.

நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசராக இருந்த இளைஞர் மரியாதையாகவே நடந்துகொண்டார். நான் கூறியதைக் கேட்டு, ஜாப் கார்டில் பொதுப்படையாக 'சஸ்பென்ஷன் சத்தம்' என்று எழுதப் போனவரை நிறுத்தி, எந்தப் பக்கத்தில், எந்த வேகத்தில், எவ்விதச் சாலையில், எந்த வேளையில் என்பதையெல்லாம் என் வார்த்தைகளிலேயே எழுதிக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். சற்றே தயங்கிய பின் எழுதிக் கொடுத்தார். ஸ்டெபிலைசர் லிங்க் என்று சொல்லப்படும் சிறிய இணைப்புத் தண்டைத் தேய்ந்திருக்கிறதென்று மாற்றி, வண்டியை அன்று மாலையே திருப்பித் தந்தார்கள். முன்பக்கத்துச் சத்தம் என்றால் முதலில் சந்தேகத்துக்கு உள்ளாவது அந்தத் தண்டுதான். ஆகவே அவர்கள் செய்தது முறையே. ஆனால் ஓசை போகவில்லை.

மறுபடியும் வண்டியைக் கொண்டு சென்றபோது மேலாளரே வந்து பேசினார். கம்ப்யூட்டரை இணைத்துப் பார்த்ததில் பிழைக் குறியீடு எதுவும் காட்டவில்லை என்றும், ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை என்றும், எனவே பழுது இல்லை என்றும் அவர் விளக்கினார். "சார், இது பெர்ஃபார்மன்ஸ் கார். கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். நம்ம ஊர் ரோட்டுக்கு இந்தச் சத்தம் நார்மல்தான் சார்" என்றார். அவர் கூறியதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது என்பதை நான் மறுக்க மாட்டேன். என் காரின் டயர் 225 மில்லிமீட்டர் அகலமும், அந்த அகலத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு பக்கச்சுவர் உயரமும் உடையது. கணக்கிட்டுப் பார்த்தால் ரிம்முக்கும் சாலைக்கும் இடையே இருக்கும் ரப்பர் 90 மில்லிமீட்டர்தான். சாதாரணக் குடும்பக் கார்களில் இது 120 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. நம் தெருக்களில் அவரவர் மனம்போனபடி எழுப்பியிருக்கும் வேகத்தடைகளைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை: 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கு, 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படாமல் வளைவாக அமைக்க வேண்டும் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்திருக்கும் விதி ஏட்டோடு நின்றுவிட, ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக எழுந்து நிற்கும் திண்டுகளையே நாம் நாள்தோறும் கடக்கிறோம். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. இறுக்கம் வண்டியின் இயல்பானால் அது இரண்டு பக்கங்களிலும் ஒன்றுபோல அல்லவா இருக்க வேண்டும்? முதல் இரண்டாண்டுகளில் இல்லாத இயல்பு மூன்றாம் ஆண்டில் இடது சக்கரத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? இதை நான் கேட்டபோது மேலாளர் மறுமொழி கூறவில்லை. வாரண்டிப் பத்திரத்தில் தேய்மானத்துக்கும் வெளி மோதலுக்கும் விதிவிலக்கு உண்டு என்பதை மட்டும் நினைவுபடுத்தினார். வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டியதுண்டா என்றும் கேட்டார். இல்லை என்பதே உண்மை, அவ்வாறே சொன்னேன்.

கசிவு இல்லை, ஆகவே பழுது இல்லை என்ற வாதத்தில் இருக்கும் பிழையைப் புரிந்துகொள்ள, அந்த உறுப்பின் வேலையைச் சிறிது அறிந்திருக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கிய சக்கரம் மேலெழும்போது சுருள்வில் அந்த அசைவின் சக்தியை வாங்கித் தன்னுள் தேக்கிக்கொள்கிறது. தேக்கியதை அது திருப்பித் தராமல் இருப்பதில்லை. ஆகையால் வில் மட்டும் இருந்தால் வண்டி குதித்துக்கொண்டே போகும். அந்தக் குதிப்பை அடக்குவதற்காக, எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள் ஒரு பிஸ்டனை வைத்து, அதில் நுண்ணிய துளைகளையும் வால்வுகளையும் அமைத்து, எண்ணெய் அவற்றின் வழியே நெருக்கிப் புகுந்து செல்லுமாறு செய்திருக்கிறார்கள். அந்த நெருக்கத்தில் அசைவின் சக்தி முழுவதும் உஷ்ணமாக மாறிக் காற்றில் கரைந்துபோகிறது. எண்ணெய் நுரைத்துப் பயனற்றுப் போகாமலிருக்க நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தில் அடைத்து வைக்கிறார்கள். என் காரில் இவற்றுக்கு மேலாக, மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு வால்வும் இருந்தது. சாலையின் தன்மைக்கேற்பக் கணத்துக்குக் கணம் இறுகவும் தளரவும் வல்லது அது. கம்ப்யூட்டர் அறிவது அந்த வால்வின் மின்சுருள் சரியாக இருக்கிறதா என்பதைத்தான். பிஸ்டனோடு பொருந்திய ஓர் உறுப்பு உள்ளே மயிரிழை அளவு தளர்ந்து, பிஸ்டன் மேலும் கீழும் திசை மாறும்போதெல்லாம் தட்டுமானால், அதைக் கூறுவதற்கு எந்தக் குறியீடும் கிடையாது. குழாயின் வாய்ச் சீல் கெடாதவரை ஒரு சொட்டு எண்ணெயும் வெளியே வராது.

இந்த உறுப்பு முன் சக்கரத்தில் அமர்ந்திருக்கும் அமைப்புக்கு மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்று பெயர். ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றியபோது, செவ்ரலே கேடட் என்ற சிறிய காருக்காக 1940களில் இதை வகுத்தார். அந்தக் கார் உற்பத்திக்கு வராமலே கைவிடப்பட, அவர் ஃபோர்டுக்குச் சென்றுவிட்டார். அதற்குப் பின் உலகத்தின் கோடிக்கணக்கான கார்கள் அவருடைய யோசனையின் மீதே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஷாக் அப்சார்பரையும் வில்லையும் ஒரே தூணாக்கி, அத்தூணின் தலையை வண்டியின் உடலோடு நேரே பிணைத்துவிடுவது அதன் சிறப்பு. அதனால்தான் தூணுக்குள் எழும் சிறு ஓசையும் வண்டி முழுவதிலும் பரவி, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மனிதரை மயக்குகிறது.

அந்த மயக்கத்தைத் தெளிவித்தவர், சோழவரத்தில் பந்தயக் கார்களுக்குப் பணி செய்து, இப்போது ஓய்வில் இருக்கும் முதியவர் ஒருவர். சிங்காநல்லூரில் தம் மகனுடைய சிறிய பட்டறையின் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த அவரிடம் நான் விஷயத்தைச் சொன்னதும், பானெட்டைத் திறக்கச் சொல்லி, இடது தூணின் தலையிலிருந்த நட்டின் மேல் நான்கு விரல்களையும் வைத்துக்கொண்டு, தம் பேரனையும் என்னையும் வண்டியை மேலும் கீழுமாக அழுத்தி ஆட்டச் சொன்னார். பிறகு வலது தூணிலும் அவ்வாறே செய்தார். கண்களை மூடிக்கொண்டு அவர் நின்ற நிலையை நான் மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். "தம்பி, புஷ்ஷு நல்லா இருக்குதுங். பால் ஜாயிண்ட்டும் நல்லா இருக்குதுங். அமுக்கறப்ப ஒண்ணுமில்லே, திரும்பி எந்திரிக்கறப்பத்தான் உள்ளார தட்டுது. சாக்காப்சர்தான் போயிருக்குது" என்றார். என் விரல்களையும் பிடித்து அந்த நட்டின் மேல் வைத்தார். வண்டி எழும் ஒவ்வொரு முறையும் எறும்பு கடிப்பதினும் மெல்லியதாக ஓர் அதிர்வு விரல் நுனியில் பட்டதை நானும் உணர்ந்தேன்.

"அவங்க நம்ப மாட்டாங்களேங்க ஐயா" என்றேன்.

"நம்பச் சொல்லாதீங்க. இடதை வலதுலயும், வலதை இடதுலயும் மாத்திப் போடச் சொல்லுங்க. சத்தம் கூடவே போச்சுன்னா அப்புறம் யாரு என்ன பேச முடியும்?" என்றார் அவர். கூலி என்று எதுவும் வாங்க மறுத்துவிட்டார்.

இந்தப் பரீட்சையைக் கோருவதற்கு முன்பு, வழக்கறிஞராக இருக்கும் என் சித்தப்பாவிடம் யோசனை கேட்டேன். பலரும் நினைப்பதுபோல, பழுது வந்தவுடனே புது வண்டி கேட்கும் உரிமை வாரண்டியால் உண்டாவதில்லை என்றும், பழுதுள்ள உறுப்பை மாற்றித் தருவதே அந்தப் பத்திரத்தின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2006இலேயே தீர்ப்பளித்திருக்கிறது என்றும் அவர் எடுத்துரைத்தார். "நீ பாகத்தை மட்டும் கேளு. அதிகமாகக் கேட்டால் உன் நியாயம் மெலிந்துபோகும்" என்பது அவருடைய புத்திமதி. 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்திருக்கும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஐம்பது லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றிய புகாரை மாவட்ட ஆணையமே விசாரிக்கலாம் என்றும், பார்வைக்குப் புலப்படாத குறையாயின் அப்பொருளைத் தகுந்த பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னார். ஆனால் அந்த வழியை நாட வேண்டிய அவசியம் நேராமல் பார்த்துக்கொள்வதே இரு தரப்புக்கும் நல்லது என்பதை நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்டோம். நான் எழுதிய கடிதத்தில் மிரட்டலோ கோபமோ இல்லை. ஓசையின் தன்மை, முதல் ஜாப் கார்டின் தேதி, இரு தூண்களையும் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கை, இவ்வளவே இருந்தன.

ஒர்க்‌ஷாப்பின் ஃபோர்மேன் நேர்மையான மனிதர். அவர் என்னோடு வண்டியில் ஏறி, நான் காட்டிய அதே தெருவில், ரேடியோவையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கிக் கேட்டார். கேட்ட மறுகணமே, "ஆமாங்க சார், இருக்குது" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு அளித்த ஆறுதலை, தம் வண்டியில் எழும் ஓசை தம் கற்பனை என்று பிறரால் ஒதுக்கப்பட்டவர்கள் மட்டுமே உணர முடியும். என் காரில் இரு பக்கத்துக்கும் ஒரே வகை ஷாக் அப்சார்பர் பொருந்தும். ஆகவே இடம் மாற்றுவதில் தடை எதுவும் இல்லை. வில்லை அமுக்கிக் கழற்றி, இரண்டையும் மாற்றிப் பூட்டி, மறுநாள் காலையில் அதே தெருவுக்குப் போனோம். ஓசை வலப்பக்கத்திலிருந்து கேட்டது! இடது பக்கம் அடங்கியே இருந்தது. ஃபோர்மேன் ஒன்றும் பேசாமல் தம் செல்போனில் அதை ஒலியோடு பதிவு செய்துகொண்டார். மேலாளரும் பின்னால் வந்து அமர்ந்து கேட்டார். அதன் பிறகு 'நார்மல்' என்ற பேச்சு எழவில்லை.

அனுமதி வருவதற்கும், உறுப்பு கடல் கடந்து வருவதற்கும் அவகாசம் பிடித்தது. அதற்குள் வாரண்டிக் காலமும் முடிந்துபோயிற்று. பழுதான ஒன்றை மட்டுமே மாற்ற நிறுவனம் முதலில் முன்வந்தது. ஒரே அச்சில் இருக்கும் இரண்டில் ஒன்று புதிதாகவும் மற்றொன்று தேய்ந்ததாகவும் இருந்தால், பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் இரு சக்கரங்களின் பிடி வேறுபடும். ஆதலால் ஜோடியாக மாற்றுவதே உலகெங்கும் மெக்கானிக்குகள் கைக்கொள்ளும் முறை. சாதாரண வண்டியில் அந்த வேறுபாடு புலப்படாமலே போகலாம். மலைப்பாதையில் விரைவாக இறங்கக்கூடிய ஒரு வேகக் காரிலோ அது பிராண சங்கடம். இதைச் சொல்லிப் பரிந்துரைத்தவர் அதே ஃபோர்மேன்தான். அவர் எழுத்து மூலம் கொடுத்த அபிப்பிராயத்தை நிறுவனம் ஏற்று, இரண்டையும் தன் செலவிலேயே அனுப்பிவைத்தது. பூட்டிய பின் வீல் அலைன்மெண்ட் செய்து, அதன் அளவுகள் அச்சிட்ட தாளையும் எனக்குக் கொடுத்தார்கள். தூண்களைக் கழற்றிப் பூட்டிய எவரும் அந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் சக்கரத்தின் சாய்வு சிறிது பிசகினாலும் டயரின் உள்விளிம்பு சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தேய்ந்துபோகும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வால்பாறைக்குச் சென்று திரும்பினேன். வண்டி முன்பு போலவே சென்றது.

என்னுடைய நியாயத்தைக் காத்தவை மூன்றாண்டு முடிவதற்கு முன் பதிவான அந்த முதல் ஜாப் கார்டும், அதில் என் வார்த்தைகளிலேயே எழுதப்பட்டிருந்த நான்கு வரிகளுமே. உறுப்பு வந்து சேர்ந்தபோது வாரண்டி முடிந்திருந்தும், குறை பதிவான தேதியே கணக்கு என்று நிறுவனம் ஏற்றுக்கொண்டது அவற்றின் பலத்தினால்தான். ஆகவே புதிய கார் வாங்கியிருக்கும் நண்பர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: ஓசை கேட்ட வாரத்திலேயே போய்ப் பதிவு செய்யுங்கள், பக்கமும் வேகமும் சாலையும் வேளையும் எழுதப்பட்ட ஜாப் கார்டின் பிரதியைக் கையில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.